கடைசியாக வாங்கிய சம்பளம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எல்லாருடைய சம்பளமும் எனக்குத் தெரியும், யாருடையதையும் வெளியே சொல்லக் கூடாது. சேர்ந்த அன்றே அதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் இதில் யார் பெயரும் இருக்காது.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பது எனக்கு முதலில் உறைத்தது இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில். நானும் ஓர் ஆணும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே டிப்ளோமா, ஒரே வேலை, எதிரெதிர் மேசை. மூன்றாவது மாதம் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அவருக்கு என்னைவிட 250 ரிங்கிட் அதிகம். மேலாளரிடம் போய்க் கேட்டேன். "அவரு குடும்பத்தப் பாக்கணும்மா. உனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆனா வீட்டுக்காரர் பாத்துக்குவாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை ரொம்ப நாள் வாட்டியது. அப்பா இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

அம்மா கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். என்னைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போவார். மேலாளரிடம் கேட்ட அன்று ராத்திரி அவரிடம் இதைச் சொன்னேன். "எங்க பாட்டி காலத்துல ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலின்னு எழுதியே வச்சிருந்தாங்களாம். இப்பவுமா?" என்று கேட்டார். எழுதித்தான் வைத்திருந்தார்கள். 1920-களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த கூலி, பல இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரசாங்க வேலையில் இருந்த பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்ததே 1969-இல்தான். சம ஊதியத்துக்கான அனைத்துலக உடன்படிக்கையை மலேசியா 1997-இல் ஏற்றுக்கொண்டது. பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2001-இல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவில் சேர்த்தார்கள்.

சரி, இன்று யாரும் 50, 40 என்று எழுதுவதில்லை. பிறகு எங்கேதான் குறைகிறது? என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் முதல் இடம் வேலை விண்ணப்பப் படிவம். அதில் "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குமேல் பத்து, பதினைந்து விழுக்காடு போட்டுக் கொடுப்பது வழக்கம். முதல் வேலையில் ஒரு பெண்ணுக்கு 2,400, அவளோடு சேர்ந்த ஆணுக்கு 2,600 என்று வையுங்கள். இருவருக்கும் ஆண்டுதோறும் 5 விழுக்காடு இன்கிரிமென்ட். யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. ஆனாலும் பத்து இன்கிரிமென்ட் முடிந்ததும் அந்த 200 ரிங்கிட் வித்தியாசம் 326 ரிங்கிட்டாக வளர்ந்திருக்கும். போனஸ் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணமும் அப்படித்தான். தொழிலாளி 11, முதலாளி 13 விழுக்காடு என்றால், முதல் மாதத்திலிருந்தே அவள் கணக்கில் 48 ரிங்கிட் குறைவாக விழுகிறது. 55 வயதில் அவள் கையில் வருவதும் குறைந்துதான் வரும். ஏதோ ஒரு மேலாளர் என்றோ ஒருநாள் "உனக்கென்ன" என்று சொன்னது, அவளோடு கம்பெனி விட்டுக் கம்பெனி போகிறது. அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கணினியில் ஏற்றியவள் நான்.

இரண்டாவது, ஓவர்டைம். எங்கள் லைனில் ஆணோ பெண்ணோ, புதிதாக வரும் ஆப்பரேட்டருக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், 1,700. அந்தச் சம்பளத்தில் சாதாரண நாளில் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 12 ரிங்கிட் 26 காசு. மாதம் 40 மணி நேரம் செய்தால் ஏறக்குறைய 490 ரிங்கிட். யார் செய்கிறார்கள்? ஆறரை மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டியவளால் முடியாது. அவள் வீட்டுக்காரர் பக்கத்துத் தொழிற்சாலையில் நின்று ஓவர்டைம் செய்வார், ஏனென்றால் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். 2023-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் ஆராய்ந்து சொன்னார். நேரம் காலம் பார்க்காமல் நிற்கக் கூடியவருக்குக் கூலி கூடிக்கொண்டே போகிறது. குழந்தை பிறந்த பிறகு அப்படி நிற்பது பெரும்பாலும் அப்பாதான்.

2023 ஜனவரியில் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். என் முதல் பிரசவத்தில் 60 நாள் முடிந்து வந்து, கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறேன். அதே சட்டம் தந்தைக்குக் கொடுத்தது 7 நாள். அம்மாவுக்கு 98, அப்பாவுக்கு 7 என்றால், யாரை வேலைக்கு எடுத்தால் இடம் காலியாக இருக்கும் என்று முதலாளி கணக்குப் போடுவார். போடுகிறார்கள், காதால் கேட்டிருக்கிறேன். ஆண்டு முடிவில் மதிப்பெண் போடும்போதும் "இந்த வருஷம் அவங்க முழுசா இல்லையே" என்று ஒரு படி இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு படி அடுத்த இன்கிரிமென்ட்டில் விழும்.

போன ஆண்டு, பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எண்களை ஒரு தாளில் அச்சடித்தேன். ஒரே கிரேடு, ஒரே அனுபவம், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மனிதவள மேலாளர் முன்னால் வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார். அப்புறம், "இத ஏன் முன்னாடியே கொண்டு வரல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மூன்று மாதம் இழுத்து, டெக்னீஷியன், கிளார்க், சூப்பர்வைசர் படிவங்களிலிருந்து "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்ற கட்டத்தை எடுத்தார்கள். கிரேடுக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று வருகிறவர்களிடம் சொல்லவும் எனக்கு அனுமதி கிடைத்தது. போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். "அக்கா, எதிர்பார்க்கும் சம்பளம்னு இருக்கே, அங்க என்ன எழுத?" என்று கேட்டாள். பென்சிலால் 2,300 என்று எழுதி வைத்திருந்தாள். இந்த வேலைக்கு 2,700-இல்தான் ஆரம்பம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தாள்.

பொறியாளர்களுக்கான படிவம் தலைமையகத்திலிருந்து வருவது. அதில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் இன்கிரிமென்ட் கூட்டம் வருகிறது, தாளை மறுபடியும் அச்சடித்து வைத்திருக்கிறேன்.