பேட்டிக்கு எங்கே உட்காருவது

மார்ச் 3, திங்கள்

டிபி மருந்து சாப்பிடும் பெண்களிடம் பேசும் ஆய்வுக்கு இன்று முதல் பேட்டி. (யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுவேன்.) ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன், கையெழுத்து வாங்கினேன், ரெக்கார்டரை அழுத்தினேன். மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா, ஒரு குறையும் இல்ல." 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

பதிவைப் போட்டுக் கேட்டேன். "மருந்தை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அதிகாரி வந்து கேட்பது மாதிரி இருக்கிறது, ஆமாம் என்பதைத் தவிர யார் என்ன சொல்வார்கள்? அவர் யோசிக்க ஆரம்பித்த இடத்திலெல்லாம் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன். கேள்வியை மாற்றியாயிற்று: "நேத்து காலைல எழுந்ததுலேருந்து மாத்திரை போட்ட வரைக்கும் சொல்லுங்களேன்." அப்புறம் நான் பேசாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இன்னொருவர். எங்கே பேசலாம் என்று முன்னாடியே போனில் கேட்டேன், வீடு மட்டும் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டு டிபியைக் குணமாக்கலாம் என்று உலகத்துக்கே காட்டியது 1950-களின் கடைசியில் நம் சென்னையில் நடந்த ஆய்வு. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதே வீட்டில்தான் ஆறு மாதம் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பொதுக் கழிப்பறையில் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வேறு.

பேட்டி வேண்டாம் என்றால் மாதாமாதம் சத்துணவுக்கு அரசு தரும் 1,000 ரூபாய் நின்றுவிடுமா என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. "பங்கேற்பு தன்னார்வமானது" என்று படிவத்தில் போட்டிருக்கிறோம், அது யாருக்குப் புரியும்? பணத்துக்கும் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பாதியில்கூட எழுந்து போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடுவில் "இதை மட்டும் எழுதாதீங்க" என்றபோது ரெக்கார்டரை நிறுத்தினேன். அந்தப் பகுதி ஆய்வில் வராது, இங்கேயும் வராது.

மார்ச் 11, செவ்வாய்

தட்டச்சு முடியவே இரண்டு நாள் ஆகிவிட்டது. பெயருக்குப் பதிலாக எண் போட்டால் போதும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். சின்ன ஊரில் எண் யாரைக் காப்பாற்றும்? என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று இரண்டு வரி இருந்தாலே பக்கத்துத் தெருக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். அந்த வரிகளை எடுத்துவிட்டேன், நல்ல வரிகள்தான்.

மார்ச் 13, வியாழன்

முதல் பேட்டி கொடுத்தவரை மாத்திரை வாங்க வந்த இடத்தில் தனியாகப் பார்த்தேன். அன்றைக்கு மாமியார் முன்னால் கேட்டுவிட்டேன், இப்போது சொல்லுங்கள், அந்தப் பதிவு இருக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. "வேணாம்க்கா" என்றார். அவர் பார்க்கவே அழித்தேன்.