காசிக்குப் போட்ட டிக்கெட்

2024-இல் தை அமாவாசை பிப்ரவரி 9-ஆம் தேதி வந்தது. அன்று காசியில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. பொங்கலுக்கு முந்தின வாரம், ராத்திரி பத்தே முக்கால் மணிக்கு, அப்பா, அம்மா, நான் மூவருக்கும் சென்னையிலிருந்து வாரணாசிக்கு விமான டிக்கெட் போட்டேன். போவதற்கு மட்டும் 24,600 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டி, டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஏழரைக்கு அப்பா கையில் தினசரி காலண்டரோடு வந்து நின்றார். "டேய், மார்ச் 8 போட்டிருக்கியே! அன்னிக்கு மகா சிவராத்திரி. காசியில கால் வைக்க இடம் இருக்குமா?"

புக்கிங் தளத்தில் இரண்டு மாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் தேதிக் கட்டத்தில், பிப்ரவரி எட்டுக்குப் பதிலாக மார்ச் எட்டைத் தொட்டிருக்கிறேன்.

வலைத்தளத்தில் கேன்சல் பக்கத்தைத் திறந்தால் ஆளுக்கு 3,000 வீதம் 9,000 ரூபாய் பிடித்தம் என்று காட்டியது. விரல் பொத்தான்மேல் இருந்தது. நல்லவேளை, அழுத்தவில்லை. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அப்போதிருந்த விதிப்படி, புக் செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அபராதம் கிடையாது, பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்க வேண்டும். இதற்கு 'லுக்-இன் ஆப்ஷன்' என்று பெயர். பெயரைப் பார்த்து யாருக்காவது விஷயம் புரியுமா, சொல்லுங்கள்! விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக எடுத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. இருநூறு ரூபாய் கூப்பனுக்கு ஆசைப்பட்டு ஒரு டிராவல் ஆப்பில் போடத்தான் முதலில் இருந்தேன்.

கஸ்டமர் கேரில் இருபது நிமிஷம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் எடுத்தார்.

"சார், கேன்சல் சார்ஜ் உண்டு."

"நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்குப் போட்டதுங்க. இன்னும் 24 மணி நேரம் ஆகல."

"ஒரு நிமிஷம் சார்." மறுபடியும் பாட்டு. திரும்பி வந்தவர், முழுத் தொகையையும் கிரெடிட் ஷெல்லில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அதாவது பணம் அவர்களிடமே இருக்கும், அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம். அதைத் தேர்ந்தெடுப்பது பயணியின் விருப்பம், அவர்களாகப் போடக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை. கார்டுக்கே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். ரத்தான தகவல் மெயிலில் வரும்வரை போனை வைக்கவில்லை.

கார்டில் கட்டியிருந்தால் ஏழு நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். ஐந்தாம் நாளே வந்தது, கன்வீனியன்ஸ் கட்டணம் மட்டும் போக. அப்புறம்தான் உறைத்தது: ரத்தே செய்யாமல் தேதியை மாற்றச் சொல்லியிருக்கலாம். அந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கும் அபராதமில்லை, புது விமானத்தின் கட்டண வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். பதற்றத்தில் எங்கே தோன்றுகிறது?

அன்று மதியமே பிப்ரவரி 8-க்குப் புது டிக்கெட் போட்டேன். இந்தத் தடவை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வியாழக்கிழமைதானே? எத்தனை மணிக்கு?"

"ரெண்டு பத்துக்குப்பா."

காலண்டரைப் பார்த்தார். "ஒன்றரையிலேருந்து மூணு ராகு காலம்டா."

"வீட்டை விட்டுப் பதினொரு மணிக்கே கிளம்பிடுவோம்பா" என்று சொல்லிக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டேன்.