மூடி பிரிக்கும் மெஷினும் என் வைவாவும்: இந்த வருடம் ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு

கேமரா வைத்துப் பொருளைப் பார்த்து நல்லது கெட்டது தானாகப் பிரிக்கும் மெஷினை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்று ஜூனியர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். தாராளமாக எடுக்கலாம். ஆனால் நாங்கள் செய்த வரிசையில் செய்யாதீர்கள். எட்டு மாதத்தில் ஆறு மாதத்தைக் கோடிங்கில் கொட்டினோம், மெஷின் எங்கள் காலை வாரியதெல்லாம் வெளிச்சத்திலும் நேரக் கணக்கிலும்தான்.

நான் பெங்களூரில் ஈசிஇ படித்தேன், வீடு ஸ்ரீராமபுரம். சித்தப்பா பீன்யாவில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை செய்கிறார். அங்கே பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிக்குள் அலுமினிய ஃபாயில் வட்டம் இருக்கிறதா, நிறம் மாறிக் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் கண் சொக்கும், தப்பு நழுவும். அதைப் பார்த்துதான் தலைப்பு கிடைத்தது: சிவப்பு மூடி ஒரு பக்கம், நீல மூடி ஒரு பக்கம், ஃபாயில் இல்லாதது ரிஜெக்ட். பாட்டியிடம் சொன்னேன், "அரிசியில கருப்பு பொறுக்குற மாதிரியா?" என்று கேட்டார். அதேதான். மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு மெஷின் பிராண்டின் பெயர். அரிசி சரிவில் வழுக்கி விழும்போது கேமரா பார்க்கும், கருத்த அரிசியைக் காற்று ஒரு ஊது ஊதி வெளியே தள்ளும். அவ்வளவு வேகத்தில் ஓர் அரிசியை மட்டும் குறிபார்த்து ஊதுகிறது என்பது, நீங்களே ஒரு மூடியைத் தள்ளப் பார்த்தால்தான் உறைக்கும்.

முதல் ரிவ்யூவுக்கு ஒரு வெப்கேமையும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டையும் (இனி வெறும் 'பை') வைத்து, படத்தை அலசும் ஓப்பன்சிவி என்ற ப்ரோகிராம் தொகுப்பில் நிறம் கண்டுபிடித்துக்கொண்டு போனோம். முந்தின நாள் ராத்திரி என் ரூமில் ஒரு தப்பு இல்லை. மறுநாள் காலை லேபில், ஜன்னல் பக்கத்து மேஜையில் வைத்தோம், சிவப்பு மூடியை ஆரஞ்சு என்றது, நீலத்தைக் கண்டுகொள்ளவே இல்லை, நல்ல மூடிகள் வரிசையாக ரிஜெக்ட் டப்பாவில் விழுந்தன. கைடு எதுவும் திட்டவில்லை, டப்பாவைக் கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்ன நடந்தது என்று புரிய ஒரு வாரம் ஆனது. வெப்கேம் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே எக்ஸ்போஷரை (ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குவது) மாற்றிக்கொள்ளும், ஒயிட் பேலன்ஸையும் (எது வெள்ளை என்று வைத்து மற்ற நிறங்களைச் சரிசெய்வது) மாற்றிக்கொள்ளும். செல்ஃபி எடுக்க அது வசதி, அளந்து பார்க்கும் வேலைக்கு அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. காலையில் எண்ணாக எழுதி வைத்த சிவப்பு மதியம் வேறு எண். இரண்டையும் மேனுவலில் பூட்டுங்கள், அதுதான் முதல் வேலை. அப்புறம் மெஷினுக்கு மேல் ஒரு கூண்டு போடுங்கள். நாங்கள் அட்டைப்பெட்டிக்குள் கறுப்புச் சார்ட் ஒட்டினோம், பார்க்கக் கேவலமாக இருந்தது, ஆனால் ஜன்னலும் லேப் டியூப்லைட்டும் எங்கள் படத்துக்குள் வருவது நின்றது. கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்போஷர் குறைவாக வைத்த கேமராவுக்கு நன்றாகவே தெரியும்.

ஃபாயில்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. அலுமினியம் கண்ணாடி மாதிரி, எல்இடி வளையத்தை நேராக அடித்தால் ஃபாயில் மேல் எட்டுப் பத்து வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் கறுப்பு. ஃபாயில் இருக்கிறதா இல்லையா என்று நமக்கே தெரியாது, மெஷினுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா யூனிட்டின் ஃபோர்மேன், திருப்பத்தூர்க்காரர், எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, லைட்ட மூடி மேல அடிக்காத. செவுத்துல அடி, செவுத்துல பட்டு வர்றது போதும்" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா மாவு கலக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினை எடுத்துக் கவிழ்த்தேன், அடியில் கேமரா பார்க்க ஓட்டை போட்டேன், எல்இடி பட்டையை விளிம்பில் உள்பக்கமாக மேலே பார்த்து ஒட்டினேன். வெளிச்சம் பேசின் முழுக்கப் பட்டுச் சிதறி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக மூடி மேல் இறங்கியது. ஃபாயில் ஒரே சீரான வெள்ளி வட்டம். இதற்கு டோம் லைட் என்று பெயர், கடையில் வாங்கினால் விலை வேறு. அன்றைக்கு எங்கள் ப்ரோகிராமில் பாதியை அழித்தோம், தேவைப்படவில்லை. டீமில் ஒருவன் யோலோ போடலாம், டீப் லர்னிங் போடலாம், அதாவது நிறையப் படம் காட்டி மெஷினைத் தானே கற்றுக்கொள்ள விடலாம் என்று ஆரம்பத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தான். மூன்றே வகை, ஒழுங்கான வெளிச்சம், இதற்கு எதற்கு? போட்டால் எத்தனை படம் வைத்துப் பயிற்சி கொடுத்தாய், பையில் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கேள்விகளுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். கீறல், நெளிவு மாதிரி உருவம் சொல்ல முடியாத குறைகள் என்றால் போடுங்கள்.

அடுத்த பெரிய அடி, தள்ளுகிற நேரம். கேமராவுக்கும், கெட்ட மூடியைத் தள்ளும் சாலினாய்டுக்கும் (கரண்ட் கொடுத்தால் கோலை வெளியே தள்ளும் காந்தச் சுருள்) 180 மில்லிமீட்டர் இடைவெளி, பெல்ட் வேகம் நொடிக்கு 120. ஆக ஒன்றரை நொடி. கெட்ட மூடி தெரிந்ததும் ஒன்றரை நொடி தூங்கு, அப்புறம் தள்ளு என்று ஸ்லீப் போட்டோம். எவ்வளவு முட்டாள்தனம் என்று ஓடும்போதுதான் தெரிந்தது. ப்ரோகிராம் தூங்கும்போது பின்னால் வரும் மூடி கேமராவைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, பெல்ட்டில் மூடி கூடினால் மோட்டார் திணறி வேகம் 110 ஆகிறது, ஒன்றரை நொடியில் மூடி 165 மில்லிமீட்டர்தான் வந்திருக்கும். 28 மில்லிமீட்டர் மூடிக்கு 15 மில்லிமீட்டர் தப்பினால் தள்ளுகோல் காற்றைத்தான் குத்தும்.

ஃபாக்டரிகளில் நேரத்தை எண்ணுவதில்லை, பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்பதை எண்ணுகிறார்கள். உருளையின் விட்டம் 32 மில்லிமீட்டர், ஆகவே ஒரு சுற்றுக்குப் பெல்ட் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் நகரும். அதில் 20 துளை போட்ட ஒரு தட்டு, பக்கத்தில் துளை கடப்பதை ஒளியால் கண்டுபிடிக்கும் ஒரு ஸ்லாட் சென்சார், ஒரு துளைக்கு 5 மில்லிமீட்டர். 180 மில்லிமீட்டர் என்றால் 36 எண்ணிக்கை. கெட்ட மூடியைப் பார்த்த நிமிடத்தில் எண்ணிக்கை 1000 என்றால், 1036 என்று ஒரு வரிசையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த மூடியைப் பார்க்கப் போய்விடலாம். எண்ணிக்கை 1036 ஆனதும் தள்ளு. பெல்ட் மெதுவானாலும், நடுவில் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தாலும் கணக்கு தப்பாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஓடுகிற பெல்ட்டை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், அப்போதும் சரியான மூடி விழுந்தது. அந்த ஒரு விழுகைக்குத்தான் மார்க் வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எலக்ட்ரிகல் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய இண்டஸ்ட்ரியல் சென்சார் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, அதன் கறுப்பு ஒயரை நேராகப் பையில் சொருகி, ஒரு பையைச் சாகடித்தோம். பழுப்பு பிளஸ், நீலம் பூஜ்யம், கறுப்பு அவுட்புட். அது பிஎன்பி வகை, ஆன் ஆனால் அவுட்புட்டில் 24 வோல்ட் வரும், பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில், சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தி இரண்டு பக்க வோல்ட்டேஜையும் பிரித்து வைக்கும் ஒரு ஆப்டோகப்ளர் போட்டிருந்தால் போதும், பத்து இருபது ரூபாய் சமாசாரம். சாலினாய்டுக்குக் குறுக்கே டயோடு போட மறக்காதீர்கள், அதற்குச் சப்ளையும் தனியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தள்ளுக்கும் பை ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் ப்ரோகிராமைச் சந்தேகப்பட்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள். நாங்கள் இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம்.

இனி வைவா. எக்ஸ்டர்னல் பெரும்பாலும் கேட்பது உங்கள் எண் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். எங்களிடம் வந்த முதல் கேள்வியே த்ரெஷோல்டு, அதாவது பிக்சல்களை வெளிச்ச அளவால் இரண்டாகப் பிரிக்கும் எல்லை, அதைப் பற்றித்தான்: "த்ரெஷோல்டு 137 என்று போட்டிருக்கிறாயே, ஏன் 137?" போட்டுப் பார்த்தோம் சார், சரியாக வந்தது என்று என் டீம்காரன் சொல்லிவிட்டான், அவர் முகம் மாறியது. நான் உள்ளே புகுந்து, ஓட்சு முறையில் பார்த்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது சார் என்றேன். 1979ல் ஓட்சு என்ற ஜப்பானியர் சொன்ன முறை, படத்தின் ஹிஸ்டோகிராமில் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) இரண்டு மேடு இருந்தால் அவற்றை எந்த இடத்தில் வெட்டினால் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் சிதறல் குறைவாக இருக்குமோ அந்த இடத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் சும்மா ஓட்டிப் பார்த்திருந்தேன், அது காப்பாற்றியது.

அடுத்து எக்ஸ்போஷர். "பெல்ட் ஓடும்போது படம் எவ்வளவு கலங்கும்?" வேகத்தை எக்ஸ்போஷரால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். நொடிக்கு 120 மில்லிமீட்டர், எக்ஸ்போஷர் 2 மில்லி செகண்ட் என்றால் 0.24 மில்லிமீட்டர். எங்கள் படத்தில் 80 மில்லிமீட்டர் அகலம் 640 பிக்சலில் வருகிறது, ஒரு பிக்சலுக்கு 0.125 மில்லிமீட்டர். ஆக இரண்டு பிக்சல் கலக்கம், ஃபாயில் பார்க்க அது ஒரு பொருட்டல்ல. இதையே 33 மில்லி செகண்டில் விட்டிருந்தால் 4 மில்லிமீட்டர் இழுத்திருக்கும். ரோலிங் ஷட்டர் (படத்தை வரிவரியாக எடுப்பது), குளோபல் ஷட்டர் (மொத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுப்பது) வித்தியாசமும் கேட்பார்கள், ஓடுகிற வட்ட மூடி ஏன் லேசாகக் கோணி விழுகிறது என்று உங்கள் படத்தையே காட்டிச் சொல்லலாம்.

சிவப்பு, பச்சை, நீல அளவாகப் பார்க்கும் ஆர்ஜிபியை விட்டு, நிறம், அடர்த்தி, வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்கும் எச்எஸ்வி ஏன் என்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதற்குள் ஒரு குழி இருக்கிறது: ஓப்பன்சிவியில் எட்டு பிட் படத்துக்கு ஹ்யூ, அதாவது நிற எண், 0 முதல் 179 வரைதான், சிவப்பு இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கும். ஒரு முனையை மட்டும் எடுத்தால் பாதிச் சிவப்பு மூடி காணாமல் போகும். படம் பிஜிஆர் (நீலம், பச்சை, சிவப்பு) வரிசையில் வருகிறது என்பதையும் மறந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறும், இது கேட்கச் சிரிப்பாக இருக்கும், டெமோ அன்றைக்குச் சிரிப்பு வராது.

இதற்கெல்லாம் மேலே, எனக்குப் பதில் தெரியாமல் நின்ற கேள்வி ஒன்று. 200 மூடி ஓட்டினோம், 60 கெட்டது, 140 நல்லது. கெட்டதில் 57 பிடித்தது, நல்லதில் 4ஐத் தவறாகத் தள்ளியது. 193 சரி, 96.5 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஃபாக்டரியில் ஆயிரத்தில் ஒன்றுதான் கெட்டது வரும். உன் மெஷினைப் போட்டால் ரிஜெக்ட் டப்பாவில் என்ன இருக்கும்?" நான் முழித்தேன். அவரே கரும்பலகைக்குப் போய்ப் போட்டுக் காட்டினார். நல்லதில் 140க்கு 4 என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று, ஆயிரம் மூடியில் 28, 29 நல்ல மூடி டப்பாவில் விழும், அதோடு ஒரே ஒரு கெட்ட மூடி, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். எல்லாவற்றையும் நல்லது என்று விட்டுவிடும் மெஷினுக்கே 99.9 சதவீதம் சரி என்று வரும். அப்படியென்றால் எங்கள் 96.5க்கு என்ன அர்த்தம்?

சித்தப்பா யூனிட்டில் இதைச் சொன்னபோது ஃபோர்மேன் சிரித்தார். "அந்த டப்பாவ மறுபடி ரெண்டு பேரு உக்காந்து பாப்பாங்க தம்பி. முப்பது மூடி பாக்குறதும் ஆயிரம் மூடி பாக்குறதும் ஒண்ணா?" என்றார். வைவாவில் அந்தப் பதில் எனக்குத் தோன்றியிருந்தால் இன்னும் கொஞ்சம் மார்க் தேறியிருக்கும். நீங்கள் ஒரே சதவீதமாகப் போடாதீர்கள், கெட்டதை விட்டது எத்தனை, நல்லதைத் தள்ளியது எத்தனை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், எது பரவாயில்லை எது கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மருந்து பாட்டில் மூடியில் கெட்டது நழுவக்கூடாது, அதற்காக நல்லது பத்து போனாலும் போகட்டும் என்பார்கள், மலிவான பொம்மையில் கணக்கு நேர்மாறு.

டெமோ அன்றைக்கு எடுத்துப் போக வேண்டியவை: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எஸ்டி கார்டின் காப்பி ஒன்று, மோட்டாருக்கு ஸ்பேர் கப்ளிங், கூண்டு ஒட்ட டேப், குறைந்தது நூறு மூடி, அவற்றில் எது கெட்டது என்று நீங்களே மார்க்கரில் அடியில் குறித்தவை. எங்கள் பேசின் இப்போது கல்லூரி லேபில்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.