மகனுக்குப் பத்து வயது முடிந்ததும் போட்ட விண்ணப்பம்

லண்டனில் பிறந்த பிள்ளை பிரிட்டிஷ் பிரஜைதானே என்று இன்னமும் பலர் கேட்கிறார்கள். 1983 ஜனவரி 1க்கு முன் என்றால் சரி. தூதரகக் குடும்பங்கள் போன்ற சிலரைத் தவிர, இங்கே பிறந்த எல்லோரும் பிரஜைகள்தான். அன்று நடைமுறைக்கு வந்த 1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாக, அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். மகன் பிறந்தபோது நாங்கள் இருவருமே தற்காலிக விசாவில் இருந்தோம்.

அதே சட்டத்தின் 1(4) பிரிவுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இங்கே பிறந்து, முதல் பத்து வருடமும் இங்கேயே வளர்ந்து, அதில் எந்த ஒரு வருடத்திலும் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் நிற்காத பிள்ளையைப் பிரஜையாகப் பதியக் கேட்கலாம். பெற்றோரின் விசா எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. வருடம் என்பது பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை. ஊருக்குப் போய் வந்த திகதிகளை அப்படித்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

படிவத்தின் பெயர் 'T'. நிரப்புவது பெரிய வேலையில்லை, பத்து வருடத்துக்கும் ஆதாரம் சேர்ப்பதுதான் வேலை. பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு கடிதம் வாங்கலாம். அதற்கு முந்திய வருடங்களுக்கு எங்களைக் காப்பாற்றியது பிள்ளை பிறந்தபோது தந்த சிவப்புப் புத்தகம். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் திகதி, நிறை எடுத்த நாள், நர்சின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. கிளினிக் பதிவின் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்தோம். பிள்ளையைத் தொழில் முறையில் அறிந்தவர் என்று வகுப்பு ஆசிரியை ஒப்பமிட்டார்.

பத்து வயதானால் நன்னடத்தைக் கேள்விகளும் வரும். போர்க்குற்றத்தில் ஈடுபட்டதுண்டா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிறது படிவம். 'இல்லை' போட்டுவிட்டுச் சிரித்தோம்.

நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் 1,214 பவுண். வசதியில்லாத குடும்பங்களுக்கு 2022 ஜூனிலிருந்து கட்டண விலக்கு உண்டு. அதை முதலில் கேட்டு, பதில் வந்த பிறகுதான் படிவத்தை அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு, வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்கள். அப்புறம் பாஸ்போர்ட்டுக்குத் தனி விண்ணப்பம், தனிக் காசு.

இந்த வழியில் பதிந்த பிள்ளை வம்சாவளிப் பிரஜை, அதாவது வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகப் பிரஜையானவர், என்ற வகைக்குள் வராது. நாளைக்கு மகனுக்கு வேறு நாட்டில் பிள்ளை பிறந்தாலும், அது பிறப்பிலேயே பிரிட்டிஷ் பிரஜை. இங்கே குடியுரிமை எடுத்த தகப்பனுக்குக் கொழும்பில் பிறந்த என் அக்கா மகள் பிறந்த நாளிலிருந்தே பிரஜை. ஆனால் வம்சாவளி வகை என்பதால், வெளிநாட்டில் பிறக்கும் அவளுடைய பிள்ளைக்கு அது தானாகக் கிடைக்காது.