உச்சி வெயிலில் நகரத்துக் காடு

மே 4

பறவை பார்ப்பவர்கள் விடியற்காலையிலேயே வந்து போய்விடுகிறார்கள். நான் மதியம் போனேன். அந்த நேரத்தில் காட்டில் என்ன இருக்கும் என்று கேட்பார்கள். ஆள் இருக்காது, எனக்கு அது போதும். வாசலை ஒட்டிய மரங்களுக்கு அடியில் நிழல் இருந்தும் அனல் அடித்தது, சாலைச் சூடு காற்றோடு வருகிறதே! உள்ளே போகப் போகத்தான் உடம்புக்கு இதமாக இருந்தது. கட்டடத்தின் நிழல் வெயிலை மறைப்பதோடு சரி. மரமோ வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்கிச் சூட்டையும் தணிக்கிறது. மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது.

மே 6

சில்வண்டுகளின் சத்தம் காதை அடைத்தது. கத்துவதெல்லாம் ஆண்கள்தான். வயிற்றின் இரு பக்கமும் உள்ள சவ்வை நொடிக்குப் பலமுறை இழுத்து விடுவதில் வருகிற ஓசை அது. நான் நெருங்கியதும் அந்த மரம் மட்டும் அமைதியானது, பக்கத்து மரம் கண்டுகொள்ளவே இல்லை. வண்டு கண்ணில் படவில்லை. மரப்பட்டையில் அது கழற்றிப்போட்ட தோல்தான் இருந்தது: முதுகு பிளந்து, கால்கள் பிடித்த பிடி விடாமல், கண் இருந்த இடத்தில் குமிழ்கூட அப்படியே.

மே 7

புழுக்கம். போகவில்லை.

மே 9

சாய்ந்த மரத்தடியில் மழை படாத பொடிமண். அதில் குழியானை என்ற பூச்சிப் புழுக்களின் புனல் குழிகள். குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். மண் சரியாமல் நிற்கிற எல்லைவரை சரிவை வெட்டி வைத்திருக்கிறது, எறும்பின் கால் பட்டதும் சரிகிறது. விழுந்த எறும்பு பாதிவரை ஏறிவிட்டது. அடியிலிருந்து மண்ணை வாரி அடித்தது குழியானை. எறும்பு மறுபடி ஏறியது, மறுபடி மண். மூன்றாவது முறை கொடுக்குகள் மட்டும் வெளியே தெரிந்தன, எறும்பு உள்ளே போய்விட்டது. யார் பக்கம் சேருவது என்றே தெரியவில்லை! வளர்ந்தால் குழியானைக்குத் தட்டான் போல நீளச் சிறகு முளைக்கும். இப்போதோ பின்பக்கமாக நகர்ந்துதான் குழி தோண்டுகிறது.

மே 12

மரத்தடிச் சருகு முழுவதையும் கூட்டிக் குவித்திருந்தார்கள். கூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "பாம்பு வரும்னு கூட்டச் சொல்றாங்க சார்" என்றார். நடைபாதையைக் கூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தடியையும் ஏன் வழிக்க வேண்டும்? சருகு மூடியிருந்தால்தான் கோடையில் மண்ணின் ஈரம் நிற்கும். மட்கினால் அதே மரத்துக்கு உரம். எழுதிக் கேட்கப் போகிறேன்.