இடாப்பில் இருந்த பெயர்

எட்டாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியவன் அவன். அன்றைக்கு வேதபாட சேர் பைபிளில் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இஸ்ரவேலின் ராஜா சவுலும் அவர் மகன் யோனத்தானும் போரில் மடிந்த செய்தி வருகிறது. யோனத்தானின் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாதி ஓடுகிறாள். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை விழுந்து இரண்டு காலும் முடமாகிறது. பேர் மேவிபோசேத். நான் திரும்பி அவனைப் பார்த்தேன், வகுப்பே பார்த்தது. இடைவேளை மணிக்கு முதலே அவன் 'மேவி' ஆகிவிட்டான்.

சேருக்கு விளங்கிவிட்டது. பிரம்பை எடுக்கவில்லை. பைபிளின் இன்னொரு புத்தகமான முதலாம் நாளாகமத்தில் எட்டாம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். முழுக்கப் பேர்ப்பட்டியல்; பரீட்சைக்கும் வராது. அங்கே யோனத்தானின் மகன் பெயர் மேரிபால். இரண்டு இடத்திலும் அவனுடைய பிள்ளை மீகா. ஆக, ஆள் ஒன்று, பேர் இரண்டு.

மேரிபாலின் கடைசியில் நிற்கும் 'பால்' என்பது பாகால். எபிரேயத்தில் பாகால் என்றால் எசமான், உடையவன். புருஷனுக்கும் அதுவே சொல். பழைய நாளில் இஸ்ரவேலர் தங்கள் கடவுளையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். பிறகு அது கானானியர் தெய்வத்தின் பேராகவே நின்றுவிட, ஏடு எழுதியவர்களுக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூசியது. அந்த இடத்தில் 'போசேத்', அதாவது வெட்கம், என்று போட்டார்கள் என்பதே அறிஞர் பலரும் கொள்ளும் விளக்கம். சவுலின் மகன் எஸ்பால் இஸ்போசேத் ஆனது அப்படித்தான். சவுலுக்கு முந்திய தலைவன் கிதியோனின் மறுபெயர் யெருபாகால், ஓரிடத்தில் எருப்பேசேத் என்று வருவதும் அப்படித்தான். மேரிபாலில் வழக்காடுதல் என்ற பொருள் இருக்கிறது. அதை மாற்றி எழுதிய பேரை 'வெட்கத்தின் வாயிலிருந்து' என்று பிரிப்பவர்கள் உண்டு. தாய் தகப்பன் அப்படியொரு பேரைப் பிள்ளைக்கு வைப்பார்களா?

"நாளாகமம் எங்கட வகுப்பு வரவு இடாப்பு மாதிரி. வெளியில நீங்கள் என்ன கத்தினாலும் இடாப்பில உள்ளதுதான் பேர்," என்றார் சேர். சாமுவேலுக்குப் பிந்தி எழுதப்பட்ட நாளாகமம்தான் பழைய பேரைக் காத்து வைத்திருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு. அன்றைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. 'மேவி' என்பது கூப்பிட வசதியாக இருந்தது.

2015இல் ஒரு செய்தி படித்தேன். ஏலாப் பள்ளத்தாக்கின் அருகே, கிர்பெத் கெயாபா என்ற மேட்டில், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழைய சாடி ஒன்றின் உடைசல்களைப் பொருத்தி, அதிலிருந்த எழுத்தை வாசித்திருக்கிறார்கள்: 'எஸ்பால், பேதாவின் மகன்'. சவுலின் மகனல்ல, வேறு யாரோ. ஆனால் ஏட்டில் வெட்கம் என்று திருத்தப்பட்ட அதே பேர், களிமண்ணில் திருத்தப்படாமல் கிடந்திருக்கிறது. சேர் இருந்திருந்தால் துள்ளியிருப்பார்.

அன்றிரவே அந்த வகுப்புத் தோழனுடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தேன். முப்பது வருசத்துக்கு மேல் கதைத்ததில்லை. எடுத்தவுடன், நான் ஆரென்று சொன்னதும், "ஓம் மச்சான், மேவி கதைக்கிறன்" என்றான்.

சாடிக் கதையைச் சொன்னேன். பேர் வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்த வகுப்புக்குப் பிறகு அவன் சாமுவேலைத் தனியே படித்து முடித்திருக்கிறான். லோதேபார் என்ற ஊரில் மாகீர் என்பவர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்த மேவிபோசேத்தை, சவுலுக்குப் பிறகு ராஜாவான தாவீது ஆள் விட்டு அழைப்பித்தது, சவுலின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது, வேலைக்காரன் சீபா கோள் சொல்லி அதைப் பிடுங்கியது, கடைசியில் பாதி நிலம் தருகிறேன் என்றபோது 'அவனே எல்லாவற்றையும் எடுக்கட்டும், ராஜா சமாதானமாய் வந்தாரே, போதும்' என்று மேவிபோசேத் சொன்னது, எல்லாம் அவனுக்குப் பாடம்.

"பேரில என்ன கிடக்கு மச்சான்," என்றான். "அந்த மேவிபோசேத்தை ராசா நெடுகத் தன்ர பந்தியில இருத்திச் சாப்பாடு குடுத்தவர். நீங்கள் கன்ரீன் வாங்கில எனக்கு எப்பவாவது இடம் விட்டனீங்களோ?"

கன்ரீனில் இருந்தது ஒரேயொரு நீள வாங்கு. மணி அடித்ததும் ஓடிப்போய் நாங்கள் நிறைத்துவிடுவோம். அவன் கடைசியாக வந்து, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கி, தூணோடு சாய்ந்து நின்று வடையைத் தின்பான்.