எள்ளு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள்

நேற்று இரவு பதினொன்றரைக்கு எழுந்து போய்க் கினிப்பன்றிக் கூண்டைப் பார்த்தேன். கருப்பியின் விலாவை ஒட்டிப் புதுக்குட்டி எள்ளு காலை நீட்டிப் படுத்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம்கூட இல்லை. ஐந்து வாரமாக இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன், விளக்கைப் போடாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று பெண் கினிப்பன்றிகள்: கருப்பி, சுண்டல், மைனா. மூன்று வயதான கருப்பிதான் தலைவி, எடை 1,050 கிராம். அவர்களோடு சேர்க்க இரண்டு குட்டிகள் வாங்கினேன், எள்ளு, கொள்ளு. இரண்டும் பெண் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான்காம் நாள் எடை பார்க்கும்போது கொள்ளுவின் அடிவயிற்றை மெல்ல அழுத்தினேன், விரலுக்கடியில் குச்சி மாதிரி தட்டுப்பட்டது. ஆண். மூன்று வாரத்திலேயே ஆண்குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும், இவன் வந்தபோதே ஐந்து வாரக் குட்டி. அந்த நிமிடமே தனிக் கூண்டு போட்டேன்.

புதுசாக வருகிறவர்களை இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள் என்று சொன்னால் பலரும் சொறிப் பூச்சிக்கும் படர்தாமரைக்கும் சளிக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தனிமைதான் கருப்பியைக் காப்பாற்றியது. ஒருமுறைகூடக் குட்டி போடாத மூன்று வயதுக்காரி அவள். இடுப்பெலும்பு இறுகியபின் சினையானால் பிரசவத்தில் உயிரே போகலாம். முதல் நாளே எல்லாரையும் ஒன்றாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிறு கலங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தொரு நாள் முடிந்ததும் எள்ளுவை மட்டும் சேர்க்க முதல் முயற்சி. ஹால் தரையில் பழைய போர்வை விரித்து, நடுவில் காய்ந்த புல்லைக் குவித்து, கொத்தமல்லியைப் பரவலாகத் தூவி நான்கு பேரையும் விட்டேன். கருப்பி உறுமிக்கொண்டே இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தாள், ஏறினாள், மோந்தாள். எள்ளு கத்திக்கொண்டு ஓடினாள். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நேராக நின்று தலையைத் தூக்கினார்கள். கருப்பியின் தாடை உயர உயர எள்ளுவின் தாடை மெதுவாக இறங்கியது, கடைசியில் தரையையே தொட்டது, பணிந்துவிட்டாள் என்று அர்த்தம். அதோடு கருப்பி புல் தின்னப் போய்விட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலமே நான்கு பேரையும் கூண்டுக்கு மாற்றினேன்.

அங்கேதான் தவறு. பத்து நிமிடத்தில் பல் நறநறக்கும் சத்தம், அப்புறம் ஒரு நீள அலறல். ஓடிப் பார்த்தால் எள்ளு மரவீட்டுக்குள் மூலையில் ஒடுங்கியிருக்கிறாள், கருப்பி வாசலை அடைத்து நிற்கிறாள். காதோரத்தில் ரத்தம். கையை உள்ளே விடாமல் தடித்த துண்டைப் போட்டுப் பிரித்தேன். ரத்தம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபேச்சே கிடையாது.

அடுத்த எட்டு நாள் கம்பி வலைக்கு இருபுறமும் வைத்திருந்து, முழு நேரமும் அந்த மரவீட்டைப் பற்றியே யோசித்தேன். தச்சரிடம் சொல்லிச் செய்த வீடு, அழகாக இருக்கும், ஆனால் ஒரே வாசல். துரத்தப்படும் குட்டி உள்ளே ஓடினால் வெளியே வர வழியில்லை. கருப்பிக்கோ அது தன் வீடு, இரண்டு வருட மூத்திரம் அந்த மரத்தில் ஊறியிருக்கிறது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தேன், இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். மூக்கை வைத்து மோந்தால் வாசனை அப்படியே இருந்தது. எனக்கே தெரிகிறதென்றால் அவளுக்கு எப்படி இருக்கும்! அந்த வீட்டை இனி இவர்களுக்குக் கொடுப்பதில்லை.

பதிலுக்குக் குளியலறையில் போடும் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு வாங்கினேன். நான்கு பக்கமும் திறப்பு, மேலே கூரை. இரண்டு பக்கம் மட்டும் பழைய பனியன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டித் தொங்கவிட்டேன், உள்ளே இருட்டாகவும் இருக்கும், எந்தப் பக்கமும் பாய்ந்து ஓடவும் முடியும். இதோடு ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, பிளம்பிங் கடையில் மிச்சத் துண்டாகக் கிடைத்தது. நான்கு அங்குலக் குழாய் வாங்காதீர்கள், ஒரு கிலோ உடம்பு அதில் சிக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பது முக்கியம். தண்ணீர்ப் பாட்டில் இரண்டு, எதிரெதிர் மூலையில். விரிப்பு எல்லாவற்றையும் துவைத்து, கூண்டின் அமைப்பையே மாற்றிப் போட்டேன்.

இரண்டாம் முயற்சியைக் காலை ஆறு மணிக்கு வைத்தேன். கோவையில் இப்போது மதியத்தில் வீட்டுக்குள்ளேயே முப்பது டிகிரியைத் தாண்டுகிறது, அந்தச் சூட்டில் யாருக்கும் பொறுமை இருக்காது. தரையில் மூன்று மணி நேரம். உறுமல், ஏறுதல், ஒரு முறை சுண்டல் பின்புறமாக மூத்திரம் பீய்ச்சினாள், அவ்வளவுதான். பிறகு கூண்டு. கருப்பி மரவீடு இருந்த மூலைக்கு நேராகப் போனாள், சுற்றிச் சுற்றி மோந்தாள், எதுவும் கிடைக்காமல் புல் குவியலுக்கு வந்தாள். எள்ளு ஸ்டூலுக்கடியில் புகுந்து மறுபக்கம் வெளியேறினாள். துரத்தல் அங்கேயே முடிந்தது. ஐந்து நாளாகிறது, ஒரு கீறல்கூட இல்லை.

ஒருவர் வாசனை மற்றவருக்குப் பழகுவதற்காகத் துணியை மாற்றி மாற்றிப் போடும் முறையையும் செய்து பார்த்தேன், எனக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. எல்லாரையும் ஒன்றாகக் குளிப்பாட்டிச் சேர்ப்பதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன். பயத்தில் ஒட்டிக்கொள்வதை நட்பு என்று எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுத் திமோதிப் புல் விலை கட்டுப்படியாகவில்லை. வடவள்ளிப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 என்ற கம்பு நேப்பியர் தீவனப்புல் ரகத்தை இளசாக அறுத்து வாங்கி, நிழலில் மூன்று நாள் உலர்த்துகிறேன். தண்டை ஒதுக்கிவிடுகிறார்கள், இலையை விரும்பித் தின்கிறார்கள். வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியை நான்கு தொட்டியில் விதைத்திருக்கிறேன், முளைத்துவிட்டது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் வாரம் ஒரு பிடிதான்.

கொள்ளுவுக்குக் கருத்தடை செய்ய, சிறு பிராணிகளில் பழகிய மருத்துவரைத் தேடுகிறேன். செய்தபிறகும் ஆறு வாரம் தள்ளித்தான் பெண்களோடு விடுவேன். அதுவரை வலைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், மைனா தினமும் போய் மூக்கைத் தொட்டுவிட்டு வருகிறாள்.

எள்ளுவைப் பற்றிய கவலை இன்னும் தீரவில்லை. கொள்ளுவோடு சேர்ந்திருந்த அந்த நான்கு நாளில் சினையாகியிருந்தால் 59 முதல் 72 நாளுக்குள் தெரிந்துவிடும், இன்று முப்பதாவது நாள். 310 கிராமில் வந்தவள் இப்போது 470. வளர்கிற வயசு என்பதால் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. வைட்டமின் சி-க்காகக் குடைமிளகாயும் கொய்யாவும் கூடுதலாகக் கொடுக்கிறேன். ஞாயிறு காலை மறுபடி தராசில் வைக்க வேண்டும்.